வரிச் சட்டப் புத்தகம் வாங்குவதா, ஆன்லைன் சந்தா கட்டுவதா?

பட்ஜெட் அமளி அடங்கி நிதி மசோதா சட்டமாகும் நேரத்தில் ஆடிட்டர் அலுவலகங்களிலும் வரி ஆலோசகர்களிடமும் தவறாமல் எழும் கேள்வி இது. இந்த வருடமும் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாத சட்ட வாசகம்), ரெடி ரெக்கனர் (விகிதங்களையும் கணக்குகளையும் சுருக்கித் தரும் கையேடு) என்று புத்தகங்களாக வாங்குவதா, ஆன்லைன் சந்தா கட்டிவிடுவதா? பேச்சு பெரும்பாலும் பழக்கத்தைச் சுற்றியே ஓடும். மூத்தவர்களுக்குத் தாள் பிடிக்கும், ஆர்ட்டிகிள்ஷிப்பில் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்குத் திரை பிடிக்கும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

பார்க்க வேண்டியது தேதியை. வரி விஷயத்தில் "சட்டம் என்ன சொல்கிறது" என்பது அரைக் கேள்விதான். எந்தத் தேதியில் என்ன சொன்னது என்று கேட்டால்தான் முழுக் கேள்வி. அச்சுப் புத்தகம் ஒரு தேதியோடு நின்றுவிடும்; இணையப் பக்கம் இன்றைய நிலையைக் காட்டும். கையில் இருக்கும் ஃபைலுக்கு எந்தத் தேதிச் சட்டம் வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எதற்குப் பணம் கொடுப்பது என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆண்டு. பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட், ஜூலை 23 அன்று முழு பட்ஜெட். ஏப்ரலில் வாங்கிய புத்தகத்தில் பட்டியலிட்ட பங்குகளின் குறுகிய கால ஆதாயத்துக்கு (பிரிவு 111ஏ) 15 சதவீதம் என்றும், நீண்ட கால ஆதாயத்துக்கு (112ஏ) ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் 10 சதவீதம் என்றும் இருந்தது. ஜூலை 23 முதல் நடந்த விற்பனைகளுக்கு முதலாவது 20 ஆனது, இரண்டாவது 12.5 ஆனது, விலக்கு வரம்பு அந்த முழு ஆண்டுக்கும் 1.25 லட்சம் ஆனது. ஒரே ரிட்டர்னில் இரண்டு விகிதங்கள்.

ஜூலைக்குப் பிறகு புதுப் பதிப்பு வாங்கியவர்கள் தப்பித்தார்களா என்றால், எல்லோரும் இல்லை. மசோதாவில் நிலம், கட்டட விற்பனைக்கு இண்டெக்ஸேஷன் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கணக்கிடுவது) அடியோடு போயிருந்தது. ஆகஸ்டில் மக்களவையில் அதற்குத் திருத்தம் வந்தது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்தையோ கட்டடத்தையோ விற்கும் ரெசிடென்ட் தனிநபரும் இந்துக் கூட்டுக்குடும்பமும், இண்டெக்ஸேஷன் இல்லாத 12.5 சதவீத வரி, இண்டெக்ஸேஷனோடு 20 சதவீத வரி இரண்டையும் கணக்கிட்டு, குறைந்ததைக் கட்டினால் போதும் என்றானது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் ஆகஸ்ட் 16. மசோதாவை வைத்து அவசரமாக அச்சடித்த பதிப்பில் இந்தச் சலுகை இருக்காது. அதை நம்பிக் கணக்குப் போட்டால், இருபது வருடத்துக்கு முன் வாங்கிய மனையை விற்றவர் தேவையில்லாமல் கூடுதல் வரி கட்டியிருக்கலாம்.

ஆகவே கடையில் புத்தகத்தை எடுத்ததும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் பாருங்கள். எந்த நிதிச் சட்டம் வரை திருத்தப்பட்டது, எந்தத் தேதி வரையிலான அறிவிக்கைகள் சேர்ந்திருக்கின்றன என்று அங்கே இருக்க வேண்டும். "நிதி மசோதா" என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். முன்னுரையில் தேதி இல்லாத புத்தகத்தையும் அப்படியே. அடுத்து, சமீபத்தில் மாறியது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த இரண்டு இடங்களைப் புரட்டிப் பாருங்கள். ஜிஎஸ்டி என்றால் பிரிவு 74ஏ (குறைவாகக் கட்டிய வரியைக் கேட்கும் பிரிவு) இருக்கிறதா, 16(5) இருக்கிறதா. இந்த 16(5) பொல்லாதது. 2024இல் சேர்க்கப்பட்டாலும் 2017 ஜூலை 1 முதலே அமலில் இருந்ததாகக் கருதப்படுகிறது. 2017-18 முதல் 2020-21 வரையிலான ஆண்டுகளின் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் வரி) 2021 நவம்பர் 30க்குள் தாக்கல் செய்த ரிட்டர்னில் எடுத்திருந்தால் செல்லும் என்கிறது. அதாவது பழைய புத்தகம் பழைய காலத்துக்கே தப்பாகிவிட்டது. பின்தேதியிட்டுத் திருத்துகிற பழக்கம் அரசுக்கு இருக்கும்வரை, எந்த அச்சுப் பதிப்பையும் முழுசாக நம்பி அப்பீல் எழுத முடியாது.

இவ்வளவு சொன்னபின் புத்தகம் எதற்கு என்று தோன்றலாம். ஒரு பிரிவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதற்கு. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில், சில செலவுகளைப் பணம் கொடுத்த பிறகே கழிக்கவிடும் 43பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நிதிச் சட்டம் அதில் 'எச்' என்ற கூறைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை எம்எஸ்எம்இடி சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்லும் கெடுவுக்குள் (எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள்) கொடுக்காவிட்டால், உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். தேடுபெட்டியில் போட்டால் திரை நேராக அந்தக் கூறில் கொண்டுபோய் விடும். படிப்பீர்கள், புரிந்துவிட்டது என்று மூடுவீர்கள். 43பி-யின் மற்ற கூறுகளுக்கு, ரிட்டர்ன் தாக்கல் கெடுவுக்குள் பணத்தைக் கட்டினால் போதும் என்ற சலுகை கீழே புரொவைசோவில் (பிரிவோடு வரும் விதிவிலக்கு வாசகத்தில்) இருக்கிறது. அந்தச் சலுகை 'எச்' கூறுக்குக் கிடையாது என்பதும் அதே புரொவைசோவில்தான் இருக்கிறது. தாளில் இரண்டும் ஒரே பார்வையில் படும். கைபேசித் திரையில் நாலைந்து முறை தள்ளினால்தான் வரும். பாதிப் பேர் தள்ளுவதில்லை.

அகலமான அட்டவணைகளுக்கும் இதே பேச்சு. 1961 சட்டத்தின் இடத்தில் வந்த வருமான வரிச் சட்டம் 2025 புரொவைசோ, விளக்கம் என்ற அமைப்பைக் கைவிட்டு, உட்பிரிவுகளும் அட்டவணைகளுமாக எழுதப்பட்டிருக்கிறது. சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) விதிகள் ஏறக்குறைய எல்லாம் பிரிவு 393இன் அட்டவணைகளுக்குள் போய்விட்டன. செலுத்துபவர், தொகையின் தன்மை, விகிதம், வரம்பு என்று நெடுக்கும் குறுக்கும் படிக்க வேண்டிய சங்கதி. பெரிய திரை இல்லாதவர்கள் இதைத் தாளில் படிப்பதே நல்லது.

அச்சில் வாங்குவதென்றால் அடிக்குறிப்புள்ள பேர் ஆக்ட்டாக வாங்குங்கள். எந்த நிதிச் சட்டத்தால், எந்தத் தேதி முதல் சொற்கள் மாறின, அதற்கு முன் என்ன இருந்தது என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் இருக்கும். மலிவுப் பதிப்புகளிலும் மாணவர் பதிப்புகளிலும் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். நூறு பக்கம் மிச்சம், உங்களுக்கு இரண்டு மணி நேரம் நஷ்டம். பாக்கெட் அளவுப் பதிப்பு விசாரணைக்கு எடுத்துப்போக வசதி. ஆனால் அந்த மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறும். பென்சிலால் மட்டும் எழுதுங்கள். திருத்தம் வரும்போது பழைய வாசகத்தை அடித்துவிடாமல், ஓரத்தில் அறிவிக்கை எண்ணையும் அமலுக்கு வரும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடித்துவிட்டால் அடுத்த வருடம் பழைய ஆண்டின் நோட்டீஸ் வரும்போது அந்த வரி தேவைப்படும். முன்னட்டையின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, தேதி, பிரிவு, அறிவிக்கை எண் என்று மூன்று பத்தி போட்டு எழுதிவந்தால், புத்தகம் எந்த நாள் வரை சரியாக இருக்கிறது என்பது அலுவலகத்தில் யார் எடுத்தாலும் தெரியும்.

பழைய புத்தகங்களை எடைக்குப் போடும் பழக்கம்தான் எனக்கு ஒப்புவதேயில்லை. இப்போது அது இன்னும் ஆபத்து. 2025ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். 536 பிரிவுகள், 23 அத்தியாயங்கள், 16 ஷெட்யூல்கள். முதலீட்டுக் கழிவுக்கான 80சி இருந்த இடம் 123, புதிய வரி முறைக்கான 115பிஏசி இருந்த இடம் 202, ரிட்டர்னுக்கான 139 இருந்த இடம் 263. ஆனால் 2025-26 நிதியாண்டின் வருமானம் வரை 1961 சட்டத்தின் கீழ்தான். புதிய சட்டத்தின் 536ஆம் பிரிவே பழைய ஆண்டுகளின் நடவடிக்கைகளைக் காப்பாற்றி வைக்கிறது. கணக்குப் பார்ப்போம். தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அசெஸ்மென்ட் ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 வருடம் 3 மாதம் வரை, கணக்கை மறுபடி திறக்கும் 148 நோட்டீஸ் வரலாம். 2026-27 அசெஸ்மென்ட் ஆண்டுக்கு அந்தக் கெடு 2032 ஜூன் 30. அதற்குப் பிறகு அசெஸ்மென்ட், அப்பீல், தீர்ப்பாயம். 1961 சட்டத்தின் கடைசிப் பதிப்பு ஒன்றாவது அலமாரியில் இருந்தே ஆக வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு நிதிச் சட்டத்துக்கும் ஒரு பிரதி.

ஜிஎஸ்டியிலும் இதே கதைதான். 2024-25 முதல் பிரிவு 74ஏ. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு 73, 74. 2023-24க்கான 74ஆம் பிரிவு உத்தரவு 2029 டிசம்பர் 31 வரை வரலாம். அதுவரை இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்.

இனி புத்தகம் தோற்றுப்போகும் இடங்கள். முதலாவது, கெடு தேதிகள். 2025-26 அசெஸ்மென்ட் ஆண்டுக்கு ஆடிட் இல்லாதவர்களின் ரிட்டர்ன் கெடு ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15 ஆகி, கடைசியில் ஒரு நாள் நீண்டு 16 ஆனது. வரித் தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30 என்பது அக்டோபர் 31 ஆகி, பின் நவம்பர் 10 ஆனது. அச்சிட்ட காலண்டரை இதற்கு நம்புவது வீண்.

இரண்டாவது, டிடிஎஸ். கமிஷனுக்கான 194எச்-ஐப் பாருங்கள். 2024 செப்டம்பரில் விகிதம் 5 சதவீதம், வரம்பு 15,000 ரூபாய். அக்டோபர் 1 முதல் விகிதம் 2 சதவீதம், வரம்பு அதே 15,000. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு 20,000. ஏழு மாதத்துக்குள் மூன்று விடைகள். சுவரில் ஒட்டிய டிடிஎஸ் சார்ட்டில் "எந்தத் தேதி முதல்" என்ற பத்தி இல்லையென்றால் அதைக் கிழித்துவிடுங்கள்.

மூன்றாவது, ஜிஎஸ்டி விகிதங்கள். 2025 செப்டம்பர் 3 அன்று நடந்த ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டத்துக்குப் பிறகு, 2017 முதல் அடிப்படையாக இருந்த 1/2017 மத்திய வரி விகித அறிவிக்கையின் இடத்தில் 9/2025 வந்தது. செப்டம்பர் 22 முதல் அமல். சிமென்ட் 28இலிருந்து 18. 2025 தொடக்கத்தில் வாங்கிய விகிதப் புத்தகத்தின் அட்டவணைகளை அதற்குப் பிந்தைய பில்களுக்குப் பயன்படுத்த முடியாது. அதற்காக அதை எறியவும் முடியாது, செப்டம்பர் 21 வரையிலான சப்ளைக்கு அதுதான் ஆதாரம். இதில் அட்டவணை மட்டும் போதாது, சட்டப் பிரிவும் வேண்டும். செப்டம்பர் 20 அன்று சரக்கு போய், பில்லும் பணமும் 22க்குப் பிறகு என்றால் 14ஆம் பிரிவின்படி புது விகிதம். பில் மட்டும் 20ஆம் தேதியே போட்டிருந்தால் பழைய விகிதம்.

மின்வடிவம் என்றதும் சந்தா என்று நினைக்க வேண்டாம். சட்டம், விதிகள், அறிவிக்கை, சுற்றறிக்கை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. வருமான வரித்துறையின் தளத்தில் 1961 சட்டத்தை நிதிச் சட்ட ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். பழைய–புதிய பிரிவு ஒப்பீடும் இருக்கிறது. மறைமுக வரிக்கு, அதற்கான மத்திய வாரியமான சிபிஐசி-யின் வரித் தகவல் தளம், மத்தியச் சட்டங்களுக்கு இந்தியா கோட், அறிவிக்கையின் மூல வாசகத்துக்கு இ-கெசட், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-எஸ்சிஆர். சிக்கல் எங்கே என்றால், துறைத் தளத்தில் எந்த ஆண்டின் பதிப்பு திறந்திருக்கிறது என்று பார்க்காமல் படித்துவிடுவோம். இந்தியா கோட் போன்ற தொகுப்புகளில் திருத்தங்கள் ஏறத் தாமதமாகலாம். அறிவிக்கைக்குப் பின்னாலேயே பிழைதிருத்த அறிவிக்கை வந்திருக்கும், முதல் பிடிஎஃப்பில் அது தெரியாது. ஒரு முடிவுக்கு ஆதாரமாகப் படித்த பக்கத்தை அன்றைய தேதியோடு பிடிஎஃப்பாகக் கிளையண்ட் ஃபைலில் போட்டுவையுங்கள். இணைப்பை மட்டும் சேமித்தால், மூன்று வருடம் கழித்து அது வேறு வாசகத்தைக் காட்டும், அல்லது ஒன்றையும் காட்டாது.

அப்படியானால் சந்தா எதற்கு? பிரிவிலிருந்து விதிக்கும், விதியிலிருந்து படிவத்துக்கும், அங்கிருந்து சுற்றறிக்கைக்கும் தீர்ப்புக்கும் ஒரே சொடுக்கில் போவதற்கு. தீர்ப்பாயம், உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பொருள்வாரியாகத் தேடுவதற்கு. பணம் கட்டுமுன் சோதனைக் காலம் கேட்டு வாங்குங்கள். விற்பனையாளர் காட்டும் டெமோ போதாது, அவர் தனக்குத் தெரிந்த கேள்வியைத்தான் தேடுவார். விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகளைப் போடுங்கள். 2024 ஜூலை 10 அன்று விற்ற பங்குக்கும் ஆகஸ்ட் 10 அன்று விற்ற பங்குக்கும் 111ஏ என்ன சொல்கிறது? குறிப்பிட்ட தேதியில் இருந்த வாசகத்தைத் திறந்து காட்டாத தளம், எவ்வளவு தீர்ப்புகளை அடுக்கி வைத்திருந்தாலும், இலவசத் தளத்தைவிடப் பெரிதாக மேல் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் லாகின் செய்யலாம், ஒரு நாளைக்கு எத்தனை பிடிஎஃப் இறக்கலாம், நீங்கள் போட்ட குறிப்புகளைச் சந்தா முடிந்தபின் வெளியே எடுக்க முடியுமா, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் என்ன என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆண்டுத் தள்ளுபடியில் மயங்கி, குறிப்புகள் அனைத்தும் உள்ளே மாட்டிக்கொண்டபின் விலைப்பட்டியலைப் பார்ப்பது நல்லதல்ல.

தேடலுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். சட்டம் பேசும் சொல்லில் தேட வேண்டும், கிளையண்ட் பேசும் சொல்லில் தேடினால் வராது. கிளையண்ட் 'கிரிப்டோகரன்சி' என்பார். வரையறை உள்ள பிரிவில் இருக்கும் சொல் 'வர்ச்சுவல் டிஜிட்டல் அசெட்'. அவர் 'நிதியாண்டு' என்பார், 1961 சட்டம் 'முந்தைய ஆண்டு' என்கிறது, 2025 சட்டம் 'வரி ஆண்டு' என்கிறது. புத்தகத்தின் பின்னால் இருக்கும் பொருளடைவு இந்தப் பாலத்தை ஓரளவு போட்டுத்தரும். தேடுபெட்டியில் அதை நீங்கள்தான் போட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுத் தேடலைச் சேர்த்து விற்கும் தளங்கள் பெருகிவிட்டன. சுருக்கம் எழுத, தொடக்கம் பிடிக்க உதவும். அது தரும் சைட்டேஷனை (தீர்ப்பு மேற்கோளை), தீர்ப்பின் முழு வாசகத்தைத் திறந்து பார்க்காமல் பதிலில் சேர்க்காதீர்கள். 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு வெளியிட்ட ஓர் உத்தரவில், இல்லாத தீர்ப்புகள் மேற்கோள்களாக வந்து, உத்தரவே திரும்பப் பெறப்பட்டது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம், நம் தொழிலாயிற்றே. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆன்லைன் தரவுத்தளச் சந்தாவுக்கு 18 சதவீதம்; நீங்கள் பதிவு பெற்றவரானால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அதுவும் செலவுதான். 1961 சட்டத்தின் விதிகளில் தொழில்முறையாளர் வாங்கும் புத்தகங்களுக்குத் தேய்மானம் 40 சதவீதம், கணினிக்கும் அதே 40 சதவீதம். தாளா திரையா சண்டையில் அரசு எந்தப் பக்கமும் சேரவில்லை. சந்தா அந்தந்த ஆண்டின் நேரடிச் செலவு. 1961 சட்டத்தின் 44ஏடிஏ-வின் கீழ், செலவுக் கணக்கு இல்லாமல் வரவில் பாதியை வருமானம் என்று காட்டுபவருக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருட்டில்லை.

சம்பளக்காரர்களின் ரிட்டர்ன் மட்டும் போடுபவருக்குச் சந்தா தேவையில்லை. அடிக்குறிப்புள்ள பேர் ஆக்ட் இரண்டு (1961, 2025), துறைத் தளம், இவை போதும். மாதாமாதம் ஜிஎஸ்டி வேலை பார்ப்பவர் சட்டத்தையும் விதிகளையும் அச்சில் ஒரு தொகுதி வைத்துக்கொண்டு, விகிதம், அறிவிக்கை எல்லாவற்றையும் திரையில் பார்ப்பது நல்லது. விகிதப் புத்தகத்துக்கு இனி பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோட்டீஸ், அப்பீல் என்று வழக்காடுபவருக்குச் சந்தா கட்டாயம். ஆனால் ஒன்றுக்கு இரண்டு தளங்கள் வாங்குவதைவிட, ஒரு சந்தாவும் ஒரு நல்ல பல்தொகுதிக் கமெண்டரியும் (விளக்கவுரை நூலும்) அதிகம் பயன்படும். நீண்ட விவாதத்தைப் புரிந்துகொள்ள, ஒருவர் உட்கார்ந்து வரிசைப்படுத்தி எழுதியது வேண்டும்.

விசாரணைக்குப் போகும் நாளில், நேரிலோ வீடியோ வழியாகவோ, நம்பியிருக்கும் பிரிவை அந்த ஆண்டில் இருந்த வாசகத்தோடு தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்; தீர்ப்புகளை முழுப் பிரதியாக, பக்க எண் இட்டு, மேற்கோள் காட்டும் பத்தியின் ஓரத்தில் கோடு போட்டுப் பேப்பர் புக்கில் (தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில்) சேர்த்துவிடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பென்றால் சந்தாத் தளத்தின் சைட்டேஷனோடு நியூட்ரல் சைட்டேஷனையும் (எந்தத் தளத்தையும் சாராமல் நீதிமன்றமே தரும் எண்) எழுதுங்கள். எதிரில் இருப்பவரிடம் உங்கள் தளத்தின் சந்தா இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.